வலைக்கு வரும் முதற் பந்து

கேள்வி: துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். 18 வயதுக்குட்பட்ட பெண்கள் கரப்பந்தாட்ட அணியின் பொறுப்பு சென்ற வருடம் என்னிடம் தரப்பட்டது. நான் இந்த விளையாட்டை ஆடியவள் அல்லள். பதினொரு பிள்ளைகளும் நான்கு பந்துகளும் ஒரு கிரவல் மைதானமும் இருக்கின்றன. இரண்டு பிள்ளைகள் மிகப் பலமாக அடிப்பார்கள். பழைய மாணவர் ஒருவர் வந்து ஐந்து–ஒன்று முறையையும் (அடிப்பவர் ஐவர், பந்தை உயர்த்திக் கொடுப்பவர் ஒருவர்) குயிக் என்னும் வேக அடியையும் பழக்கித் தந்தார். பயிற்சியில் எல்லாம் அழகாக வருகிறது. ஆனால் வலயப் போட்டியில் 25–14, 25–11 என நேர் இரண்டு செற்களில் தோற்றோம். இரண்டாவது செற்றில் எதிரணி பெற்ற 25 புள்ளிகளில் 13, அவர்களுடைய சேர்விஸை எங்களால் எடுக்க முடியாமற் போனதால் வந்தவை. சோளகக் காற்றும் எங்களைக் குழப்பியது. பாஸ் எடுக்கப் பழக்குவது எப்படி? எந்தத் தாக்குதல் முறை எங்களுக்குப் பொருந்தும்? பந்துக்குப் பயந்து கண்ணை மூடும் ஒரு பிள்ளையை என்ன செய்வது? அடுத்த போட்டிக்கு மூன்று மாதங்கள் இருக்கின்றன, ஐயா.

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

விளையாடத் தெரியாதவள் என்று உங்களைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தோற்ற ஆட்டத்தின் புள்ளிகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, அவற்றுள் 13 எங்கிருந்து வந்தன என்று பிரித்துச் சொல்கிற பயிற்றுநர்களை நான் அதிகம் கண்டதில்லை. தோல்விக்குப் பின்னர் நடுவரையும் வெயிலையும் பற்றிப் பேசுபவர்களையே கண்டு பழகிவிட்டேன். உங்கள் எண்ணிக்கை சரியென்றால், அந்தச் செற்றில் பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் உங்கள் பிள்ளைகள் அடிப்பதற்கு எழும்புவதற்கு முன்பே போய்விட்டன. பலமாக அடிக்கும் அந்த இருவரும் அன்று தோற்கவில்லை, அவர்களுக்கு ஆட வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆகவே நீங்கள் கேட்ட முதல் இரண்டு கேள்விகளையும் நான் ஒரே கேள்வியாகவே பார்க்கிறேன். எந்தத் தாக்குதலை ஆடலாம் என்பதை உங்கள் அணியின் பாஸ், அதாவது சேர்விஸை எடுத்து வலையருகில் நிற்பவளுக்கு அனுப்பும் முதல் தொடுகை, தீர்மானிக்கும். நீங்களோ நானோ, தொலைபேசியில் பார்த்த வீடியோவோ அதைத் தீர்மானிக்க முடியாது.

முதலில் கையைப் பற்றிச் சொல்கிறேன். சேர்விஸை எடுக்கும்போது பந்தை அனுப்புவது கையின் வீச்சு அல்ல. இரண்டு முன்கைகளும் சேர்ந்து உண்டாகும் தட்டின் சாய்வே அதை அனுப்புகிறது. சுளகை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கத்தில்தானே பதர் விழும், அதைப் போன்றதுதான் இதுவும். பிள்ளையின் முழங்கைகள் நேராக நீட்டப்பட்டு, பெருவிரல்கள் இரண்டும் பக்கம் பக்கமாகச் சேர்ந்து நிலத்தை நோக்கித் தாழ்ந்து, பந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையின் தட்டையான பகுதியில் பட வேண்டும். மணிக்கட்டிலோ பெருவிரலிலோ பட்ட பந்து எங்கே போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. வேகமாக வரும் பந்துக்குக் கையை ஆட்டவே கூடாது. பந்தின் வேகமே அதைத் திருப்பி அனுப்பப் போதுமானது, கையைச் சற்றே பின்வாங்கி அந்த வேகத்தை உறிஞ்சினாலும் நல்லது. மெதுவாக விழும் பந்துக்கு வேண்டிய உந்தல் முழங்காலிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து வரக்கூடாது. உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கையை மேலே வீசியே பந்தை எடுக்கிறார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். மாலையில் அண்ணன்மார் ஆடும் ஓவர்கேமைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வந்த பந்தை எப்படியாவது வலைக்கு அப்பால் தள்ளிவிடுவதே வேலை என்று பட்டுவிடுகிறது. பந்தை எடுத்து, உயர்த்தி, பிறகு அடிக்கும் செற்றப்கேமில் முதற் பந்து அப்பால் போவதற்கானதே அல்ல என்ற எண்ணம் அவர்களுக்குள் ஊற வேண்டும். அது சொல்லி வருவதன்று, பழகி வருவது.

கையை விடக் காலுக்கும் கண்ணுக்கும்தான் அதிக வேலை இருக்கிறது. பாடசாலை மட்டத்தில் வரும் ஒரு சேர்விஸ், அடித்தவரின் கையிலிருந்து உங்கள் பிள்ளையின் கைக்கு வர ஏறக்குறைய ஒரு செக்கனுக்குச் சற்று மேல் எடுக்கும். அந்த நேரத்தின் முதற் பாதியில் பந்து எங்கே விழும் என்பதைக் கணித்துவிட்ட பிள்ளை நடந்து போய் நின்று எடுப்பாள். பந்து வலையைக் கடந்த பிறகு புறப்படுபவள் ஓடிக்கொண்டே, உடல் சரிந்த நிலையில் எடுப்பாள். எனவே பார்வை பந்தில் மட்டும் இருந்தால் போதாது. சேர்விஸ் போடுபவரின் தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அவர் பந்தை எவ்வளவு உயரத்துக்கு எறிகிறார், பந்தின் எந்த இடத்தில் கை படுகிறது என்பவற்றைப் பார்க்கப் பழக்குங்கள். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. சேர்விஸ் போட்ட அந்தக் கணத்திலேயே, எடுக்கப் போகிறவள் “முன்” அல்லது “பின்” என்று உரத்துச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பிழையாகச் சொல்வார்கள், அது பரவாயில்லை. மூன்றாம் வாரத்தில் சரியாகச் சொல்லத் தொடங்குவார்கள், அப்போது கால்கள் தாமாகவே முன்கூட்டிப் புறப்படும்.

இனி, உங்கள் பயிற்சி ஏன் அழகாக இருந்தும் போட்டிக்கு உதவவில்லை என்பதற்கு வருகிறேன். நீங்கள் எழுதாவிட்டாலும், பிள்ளைகள் இருவர் இருவராக எதிரெதிரே நின்று பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டிருப்பதே உங்கள் பாஸ் பயிற்சியின் பெரும்பகுதியாக இருக்கும் என்று எண்ணுகிறேன். அது உடலைச் சூடாக்க நல்லது, அதற்கு மேல் அதனால் பெரிய பயன் இல்லை. அதில் பந்து வந்த திசையிலேயே திரும்பிப் போகிறது. போட்டியிலோ பந்து எதிர்ப்பக்கத்து மூலையிலிருந்து வருகிறது, போக வேண்டிய இடம் வலையருகில் நின்று, அடிப்பவளுக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் செற்றர். வந்த திசையும் போகும் திசையும் வேறு வேறு. தட்டைச் சாய்த்துத் திசை மாற்றும் அந்த ஒரு திறமையைத்தான் எதிரெதிர்ப் பயிற்சி பழக்குவதே இல்லை. ஆகவே எல்லாப் பயிற்சியையும் முக்கோணமாக மாற்றுங்கள்.

உங்களிடம் உள்ள ஆட்களுக்கும் பந்துகளுக்கும் அது பொருந்தும். ஒன்பது மீற்றர் அகலமுள்ள மைதானத்தை நீளவாக்கில் மும்மூன்று மீற்றராக மூன்று பாதைகளாகப் பிரியுங்கள். கிரவல் நிலத்தில் காலால் கோடு இழுத்தாலே போதும். ஒவ்வொரு பாதையிலும் மூவர் நிற்பார்கள். ஒருத்தி வலைக்கு அப்பாலிருந்து பந்தைத் தலைக்கு மேலாக எறிவாள், அல்லது பிறகு பிறகு சேர்விஸ் போடுவாள். ஒருத்தி எடுப்பாள். மூன்றாமவள் வலையருகில், எடுப்பவளுக்கு நேரே அல்லாமல் இரண்டு மீற்றர் வலப்பக்கம் தள்ளி நின்று பிடிப்பாள். மூன்று பந்துகள் பாதைகளுக்கும், நான்காவது உருண்டோடிய பந்துக்குப் பதிலாகவும் இருக்கும். மீதி இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி பந்து பொறுக்குவாள், மற்றவள் கொப்பி எழுதுவாள். பத்துப் பந்துகளுக்கு ஒரு முறை இடம் மாறுங்கள். பிடிப்பவள் எத்தனை அடி நகர வேண்டியிருந்தது என்பதே எடுத்தவளின் மதிப்பெண். உடல் முழுவதையும் செற்றரை நோக்கித் திருப்ப நேரம் இராது என்பதால், செற்றர் இருக்கும் பக்கத்துத் தோளைச் சற்றுத் தாழ்த்தித் தட்டின் முகத்தை அங்கே காட்டச் சொல்லுங்கள்.

பந்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நன்கு பழகிய அணிகள் வலைக்கு மிக அருகிலேயே பாஸ் கேட்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. சற்று நீண்டுபோன பந்து வலையைத் தாண்டி எதிரணிக்கு இலவச அடியாகிவிடும். வலையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் தள்ளி, மைதானத்தின் நடுவுக்குச் சற்று வலப்பக்கமாக, வலையின் மேல் விளிம்பை விட ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு எழும்பி விழும் பந்தையே இலக்காக வையுங்கள். குறுகி விழுந்தால் செற்றர் ஓடி எடுத்துக்கொள்வாள். நீண்டுபோன பந்துக்கு ஓடுவதற்கு எவருக்கும் இடமில்லை.

அந்தக் கொப்பியில் எழுத வேண்டியது, உலகெங்கும் பயிற்றுநர்கள் பயன்படுத்தும் மிக எளிய கணக்கு. செற்றர் ஓரிரு அடிக்கு மேல் அசையாமல் யாருக்கும் கொடுக்கக்கூடிய பாஸுக்கு 3. அவள் ஓடிப்போய் ஒருத்திக்கு மட்டும் உயரப் பந்து கொடுக்க முடிந்தால் 2. எவராவது காப்பாற்றி அப்பால் தள்ள மட்டுமே முடிந்தால் 1. புள்ளி போய்விட்டால் 0. பத்துச் சேர்விஸ்களில் ஒரு பிள்ளை 3, 2, 0, 1, 2, 2, 0, 3, 1, 2 என எடுத்தால் கூட்டுத்தொகை 16, சராசரி 1.6. கணித ஆசிரியைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அந்த இரண்டு பூச்சியங்களும் இரண்டு ஒன்றுகளாக மாறினாலே சராசரி 1.8 ஆகிவிடும். அழகான 3 எடுக்கக் கற்பிப்பதை விட, 0 வராமல் தடுக்கக் கற்பிப்பது முதல் மாதத்துக்கு அதிகப் பலன் தரும். உயரமாக, மைதானத்தின் நடுவிலேயாவது விழும் பந்தை எடு என்பதே அந்த மாதத்தின் கட்டளையாக இருக்கட்டும்.

கணக்கு இரண்டு வாரம் ஓடியதும் இன்னொரு விடயம் வெளிப்படும்: ஆறு பேரும் ஒரேயளவு நன்றாக எடுப்பதில்லை. அப்படியிருக்க செற்றர் தவிர்ந்த ஐந்து பேரையும் அரைவட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு பகுதி என்று பிரித்துக் கொடுப்பது ஏன்? எதிரணி உங்கள் பலவீனமான பிள்ளையைத்தான் தேடிப் போடும். 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஆண்கள் அணிக்கு டக் பீல் பயிற்றுநராக இருந்தார். கார்ச் கிராலி, அல்டிஸ் பெர்சின்ஸ் ஆகிய இருவர் மட்டுமே பெரும்பாலான சேர்விஸ்களை எடுப்பார்கள். மற்றவர்கள் ஒதுங்கி நின்று அடிப்பதற்கு ஆயத்தமாவார்கள். உலகமெல்லாம் அன்று வியந்த அந்த ஏற்பாடு, அடிப்படையில் உங்கள் பிரச்சினைக்கான விடைதான். உங்களுக்கு இருவர் போதாது; மூவரை நிறுத்துங்கள். எவருடைய சராசரி உயர்ந்ததோ அவர்கள் மூவரும் மைதானத்தின் அகலத்தைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். போட்டி விதிகள் இடங்கொடுத்தால், உயரம் குறைந்த ஆனால் கால் சுறுசுறுப்பான ஒரு பிள்ளையைப் பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோவாக்கி, பின்வரிசைக்குப் போகும் நடு ஆட்டக்காரிக்குப் பதிலாக இறக்குங்கள். லிபரோ மூன்று மீற்றர்க் கோட்டுக்கு முன்னே நின்று விரல்களால் உயர்த்திய பந்தை வலையின் மேல் விளிம்பை விட உயரத்தில் வைத்து இன்னொருத்தி அடித்தால் தவறு என்பதை மட்டும் அவளுக்கும் அடிப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

மூவர் எடுக்கும்போது புதிதாக ஒரு தொல்லை வரும். இருவருக்கு நடுவில் வரும் பந்தை இருவரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த 13 புள்ளிகளில் சில இப்படித்தான் போயிருக்கும். இதைப் பெருந்தன்மைக்கு விட்டுவிடாமல் சட்டமாக்குங்கள்: நடுவில் வரும் பந்து எப்போதும் இடப்பக்கத்தவளுக்கு என்றோ, சராசரி கூடியவளுக்கு என்றோ ஒன்றை முடிவுசெய்து, எடுப்பவள் பந்து வலையைக் கடப்பதற்கு முன்னரே “எனக்கு” என்று கத்த வேண்டும். நம் பெண் பிள்ளைகளுக்குக் கத்துவதற்குக் கூச்சம் அதிகம். வகுப்பறையில் மெதுவாகப் பேசச் சொல்லும் நீங்களே மைதானத்தில் சத்தம் போடச் சொன்னால் அந்தக் கூச்சம் விரைவில் உடையும்.

காற்றைப் பற்றி நீங்கள் கேட்டது சாட்டாகச் சொன்ன சொல்லல்ல. மரமற்ற வெளியில் அமைந்த வன்னி மைதானங்களில் சோளகம் ஓர் ஏழாவது ஆட்டக்காரர் மாதிரி. நாணயச் சுழற்சிக்கு முன்னரே ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டுப் பாருங்கள். காற்று எதிரணியின் முதுகுப் பக்கமிருந்து வந்தால் அவர்களுடைய சேர்விஸ் எதிர்பார்த்ததை விட நீளும், எடுப்பவர்கள் ஓர் அடி பின்னே நிற்கட்டும். அவர்கள் காற்றை எதிர்த்துப் போட்டால் பந்து தளும்பிக் குறுகி விழும், ஓர் அடி முன்னே வரட்டும். குறுக்காக வீசினால் மூவரும் சேர்ந்து காற்று தள்ளும் பக்கம் அரை அடி நகர வேண்டும். உங்கள் முதுகிலிருந்து வலையை நோக்கி வீசும் காற்றில் பாஸின் இலக்கை வலையிலிருந்து இன்னும் அரை மீற்றர் தள்ளி வைத்துக்கொண்டு, உயரத்தையும் குறையுங்கள். ஒவ்வொரு செற்றுக்கும் பக்கம் மாறும் என்பதையும், இறுதிச் செற்றில் எட்டாவது புள்ளியில் மாறும் என்பதையும் பிள்ளைகள் நினைவில் வைத்திருந்தால், மாறியதும் நிற்கும் இடத்தையும் மாற்ற மறக்கமாட்டார்கள். மண்டபத்துக்குள் பயிற்சி பெறும் நகரத்து அணியை விட உங்களுக்கு அனுகூலமாக அமையக்கூடிய ஒரே விடயமும் இதுதான்.

இனித் தாக்குதல். உங்கள் பழைய மாணவர் நல்ல மனத்தோடு உதவியிருக்கிறார். அவருடைய ஆர்வத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஆனால் அவர் கூரையில் தொடங்கியிருக்கிறார். நானும் அதே பிழையைச் செய்தவன்தான். பல வருடங்களுக்கு முன்னர் ஒரு பாடசாலை அணிக்கு இரண்டு மாதங்கள் குயிக் அடி பழக்கினேன். பந்தைக் கையால் எறிந்து கொடுத்துச் செய்த பயிற்சியில் பார்ப்பவர்கள் கைதட்டினார்கள். போட்டியின் இரண்டு செற்களிலும் சேர்த்து அந்த அடியை ஆட மூன்று தடவைதான் வாய்ப்புக் கிடைத்தது. செற்றர் பந்தைத் தொடும்போதே அடிப்பவர் மேலெழும்பியிருக்க வேண்டிய அடி அது. செற்றரின் கைக்கு நேராக வரும் 3 இல்லாமல் அதை நினைக்கவே முடியாது. 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மட்சுடைரா பயிற்றுவித்த ஜப்பான் ஆண்கள் அணி வேகமான கூட்டுத் தாக்குதல்களால் தங்கம் வென்றதைப் பற்றி நாங்கள் பேசும்போதெல்லாம், அந்தத் தாக்குதல்களுக்குக் கீழே இருந்த பாஸைப் பேச மறந்துவிடுகிறோம்.

ஐந்து–ஒன்று முறையையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்து, நான்கு–இரண்டுக்கு வாருங்கள் என்பது என் ஆலோசனை. ஐந்து–ஒன்றில் மூன்று சுற்றுகளுக்கு ஒரே செற்றர் பின்வரிசையிலிருந்து ஓடி வர வேண்டும். பாஸ் தள்ளாடும் அணியில் அவள் வந்து சேர்வதற்குள் பந்து வேறெங்கோ போய்விடும். வரிசை மாறிய தவறுகளும் சேர்ந்துகொள்ளும். நான்கு–இரண்டில் செற்றர்கள் இருவர், ஒருவருக்கொருவர் நேர் எதிர் இடங்களில் இருப்பார்கள். ஒன்றாம் இடத்தில் ஒரு செற்றர் என்றால் நான்காம் இடத்தில் மற்றவர் (பின்வரிசையின் வலது மூலை ஒன்று; முன்வரிசை வலமிருந்து இடமாக இரண்டு, மூன்று, நான்கு; பின்வரிசையின் இடது மூலை ஐந்து, நடு ஆறு). பலமாக அடிக்கும் இருவரையும் இரண்டிலும் ஐந்திலும், நடுவில் ஆடுபவர்களை மூன்றிலும் ஆறிலும் வையுங்கள். இப்படி வைத்தால் எந்தச் சுற்றிலும் முன்வரிசையில் ஒரு செற்றரும், ஒரு பலமான அடியும், ஒரு நடு ஆட்டக்காரியும் இருப்பார்கள். முன்வரிசைச் செற்றர் எங்கிருந்து தொடங்கினாலும், சேர்விஸ் அடிக்கப்பட்ட பிறகு வலப்பக்கத்துக்கு வந்துவிடுவாள், அடிப்பவள் இடப்பக்கமான நான்காம் இடத்துக்குப் போவாள். எதிரணியின் சேர்விஸ் அடிக்கப்படும் அந்தக் கணம் வரை, பக்கத்தில் நிற்பவளுக்கு இடம் வலம் மாறாமலும், பின்வரிசைத் துணையை விட முன்வரிசைக்காரியின் பாதம் வலைக்கு அருகிலும் இருக்க வேண்டும். ஆறு சுற்றுகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள், இது உங்களுக்குப் பழக்கமான கருவி. அடிப்பதற்கு முன்வரிசையில் இருவரே இருப்பது குறைதான். ஆனால் மூன்று பேர் இருந்தும் ஒருவருக்கும் பந்து போகாத நிலையை விட அது மேல்.

அடுத்து, தாக்குதலைப் பாஸின் மதிப்பெண்ணோடு கட்டிவிடுங்கள். 3 வந்தால் செற்றருக்கு இரண்டு தெரிவுகள்: நடுவில் நிற்பவளுக்குத் தாழ்ந்த, ஆனால் குயிக் அல்லாத, வலைக்கு மேல் ஒரு மீற்றர் அளவு எழும்பும் பந்து, அல்லது நான்காம் இடத்துக்கு உயரப் பந்து. 2 வந்தால் யோசிக்கவே கூடாது. நான்காம் இடத்துக்கு உயரமாக, வலையிலிருந்து ஒரு மீற்றருக்குக் குறையாமல் தள்ளிக் கொடுக்க வேண்டும். செற்றர் மூன்று மீற்றர்க் கோட்டுக்குப் பின்னிருந்து கொடுக்க நேர்ந்தால் இன்னும் தள்ளிக் கொடுக்கட்டும்; வலையோடு ஒட்டிய பந்தை அடிப்பவளின் கை வலையைத் தொடும், அல்லது வலைக்கு மேல் கையுயர்த்தித் தடுக்கும் எதிரணியின் புளொக் அதை விழுங்கும். 1 வந்தால் அடிக்க முயலவே வேண்டாம். மூன்றாவது தொடுகையை நின்ற நிலையிலேயே முன்கையாலோ விரல்களாலோ எதிரணியின் பின் மூலைக்கு அனுப்புங்கள். எதிரணி ஐந்து–ஒன்று ஆடி, அவர்களுடைய செற்றர் பின்வரிசையின் ஒன்றாம் இடத்திலிருந்து ஓடி வருபவளாக இருந்தால், பந்தை அவளுக்கே அனுப்புங்கள். முதற் பந்தை அவளே எடுக்க வேண்டி வந்தால் இரண்டாவதை வேறு எவராவது உயர்த்த வேண்டும், அவர்களுடைய தாக்குதல் அத்தோடு சப்பையாகிவிடும். வெறுமனே நடுவில் தள்ளிவிட்ட பந்துக்கும், நினைத்து மூலைக்கு அனுப்பிய பந்துக்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்த ஆட்டத்திலேயே காண்பீர்கள்.

பலமாக அடிக்கும் அந்த இருவருக்கும் இரண்டு விடயங்களைத் திருத்தினால் போதும் என்று நினைக்கிறேன். முதலாவது புறப்படும் நேரம். பாடசாலைப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் முந்தி ஓடிப் பந்துக்குக் கீழே நின்று காத்திருப்பார்கள். அப்படி நின்றவுடன் ஓடிய வேகம் வீணாகிவிடும். நான்காம் இடத்தில் அடிப்பவள் பக்கக் கோட்டுக்கு வெளியே, மூன்று மீற்றர்க் கோட்டருகில் நின்று, உயரப் பந்து செற்றரின் கையை விட்டு மேலேறுவதைக் கண்ட பிறகே புறப்பட வேண்டும். வலக்கைக்காரி என்றால் கடைசி மூன்று அடிகள் இடம், வலம், இடம். முதலாவது சிறியதாகவும் இரண்டாவது நீண்டதாகவும் கடைசி உடனே ஒட்டியதாகவும் இருக்கட்டும். இரண்டாவது திருத்தம் திசை. பலமாக அடிப்பவர்கள் குறுக்காகவே அடித்துப் பழகிவிடுவார்கள், இரண்டாவது செற்றில் எதிரணி அந்த வழியில் ஆளை நிறுத்திவிடும். மறுபக்கத்தின் இரண்டு பின் மூலைகளிலும் ஒரு மீற்றர் உள்ளே ஒவ்வோர் உரப்பையை விரித்து வைத்து, நீங்கள் பந்து மேலேறும்போது சொல்லும் பக்கத்துக்கு அடிக்கச் செய்யுங்கள். வேகம் பாதியாகக் குறைந்தாலும் உரப்பையில் விழுந்த பந்துக்கு ஒரு புள்ளி, எவ்வளவு வேகமானாலும் நடுவில் விழுந்ததற்கு ஒன்றுமில்லை. இதோடு புளொக்குக்குப் பின்னே மெதுவாகச் சுருட்டி இறக்கும் ஒரு பந்தையும் சேர்த்தால், இந்த வயதுப் பிரிவில் ஒருத்திக்கு ஆயுதங்கள் தாராளம். அவள் அடிக்கும்போது மூவர் அவளைச் சுற்றித் தாழ்ந்து நின்று, புளொக்கில் பட்டுத் திரும்பும் பந்துக்குக் காவல் இருக்க வேண்டும்; நின்று வேடிக்கை பார்ப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

அணியின் பாஸ் சராசரி போட்டி போன்ற ஆட்டங்களில் 2 ஐத் தாண்டி, இரண்டு வாரம் அங்கேயே நின்றால், பழைய மாணவரை மீண்டும் அழைத்துக் குயிக்கைத் தொடங்குங்கள். இந்த 2 என்பது என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட எல்லைதான், ஆனால் அதற்கு முன்னர் தொடங்கி நன்மை கண்டதில்லை.

சேர்விஸ் பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். சுழலாமல் தளும்பி வரும் சேர்விஸைப் பெரிய பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்: பந்தைத் தாழ எறிந்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நடுவில் அடித்து, கையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அவர்கள் போடுவதை மற்றவர்கள் எடுத்தால் இரண்டும் ஒன்றாகவே வளரும். ஊரில் உங்களிடம் வந்து, “பிழைத்தாலும் பரவாயில்லை, பலமாகப் போடச் சொல்லுங்கள் ரீச்சர்” என்று சொல்லும் முன்னாள் வீரர்கள் இருப்பார்கள். அவர்கள் ஆடிய காலத்தில் சேர்விஸ் வைத்திருந்த அணிக்கு மட்டுமே புள்ளி சேரும், ஆகவே பிழைத்த சேர்விஸுக்கு எதிரணிக்குப் புள்ளி போகாது. 1990களின் இறுதியில் அந்த விதி மாறிவிட்டது, இன்று ஒவ்வொரு பிழையும் ஒரு புள்ளி. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளிடம் வேறுவிதமாகச் சொல்லுங்கள்.

மூன்று மாதங்களில் முதல் மாதத்தின் பயிற்சி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பாஸுக்குக் கொடுத்து, மீதியில் நான்கு–இரண்டின் நிற்கும் இடங்களைப் பழக்குங்கள். இரண்டாம் மாதத்தில் சேர்விஸ், பாஸ், உயரப் பந்து, அடி என்ற முழுச் சங்கிலியை ஆட்டமாகவே நடத்துங்கள். மூன்றாம் மாதத்தில் அயற் பாடசாலைகளோடு நட்பு ஆட்டங்கள் தேடுங்கள். கிரவல் நிலத்தில் எழும்பி விழுவது முழங்காலை வருத்தும். அடிக்கும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் வைக்காதீர்கள், தொடங்குமுன் மைதானத்தைக் கூட்டித் தண்ணீர் தெளியுங்கள். பாடசாலை விட்டவுடன் இரண்டு மணி வெயிலில் ஆடுவதை விட, பெற்றோரோடு பேசி மூன்றரைக்குத் தொடங்கி இருட்டுவதற்கு முன் அனுப்பிவைப்பது நல்லது.

கண்ணை மூடும் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளைத் திட்டுவதற்கு முன்னர் பந்தைச் சோதியுங்கள். கரப்பந்தின் உள்ளழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோகிராம் வரை மட்டுமே இருக்க வேண்டும். சைக்கிள் கடையில் காற்றடித்த பந்து பெரும்பாலும் அதை விட மிகக் கடினமாக இருக்கும். அப்படிப்பட்ட பந்தைப் பத்துத் தடவை எடுத்தால் எவருடைய கையும் சிவந்துபோகும், அடுத்த பந்துக்குக் கண் தானாகவே மூடும். காற்றைச் சற்றுக் குறைத்து, நீளக்கைச் சட்டை போட அனுமதித்து, மூன்று மீற்றர் தூரத்திலிருந்து நீங்களே கீழ்க்கையால் மெதுவாக எறியுங்கள். பந்தை எடுக்கச் சொல்ல வேண்டாம். முதல் நாட்களில் கையை நீட்டி அதைத் தட்டில் விழவிட்டு, பந்தில் எழுதியிருக்கும் எழுத்தை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாசிக்க வேண்டுமென்றால் கண்ணைத் திறந்தே ஆக வேண்டும். பிறகு வாரத்துக்கு ஒரு மீற்றராகத் தூரத்தைக் கூட்டி, அவள் மூன்று மீற்றர்க் கோட்டுக்குப் பின்னே நின்று வலைக்கு அப்பாலிருந்து வரும் பந்தை எடுக்கத் தொடங்கிய பின்னரே அவளுடைய பெயரையும் கொப்பியில் சேருங்கள்.